எம்31 டிஸ்ப்ளேயை வீட்டில் நானே மாற்றினேன், இரண்டு தடவை

போன் டிஸ்ப்ளேயை வீட்டில் மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். கப் வைத்த பிளவுஸ் தைப்பதைவிடச் சுலபம். டிஸ்ப்ளே வாங்கும் இடத்தில்தான் ஏமாறுவோம். நான் ஏமாந்தேன். அதனால்தான் ஒரே போனுக்கு இரண்டு டிஸ்ப்ளே வாங்கி, இரண்டு தடவை பிரித்து, இரண்டு தடவை ஒட்டி, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் குரோம்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆரி வேலையும் உண்டு. போன் சாம்சங் கேலக்ஸி எம்31. 2020ல் பையனுக்கு ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தபோது வாங்கியது. அவன் டிப்ளமோவுக்குப் போனதும் புதுசு வாங்கிக்கொண்டான், இது எனக்கு வந்துவிட்டது. 6000 எம்ஏஹெச் பேட்டரி, 6.4 அங்குல அமோலெட் திரை. எனக்கு அது போதும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் புடவையையும் கழுத்து டிசைனையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நூல் எடுக்கிறேன், கல் எடுக்கிறேன். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என்னுடையது பழைய கால் மெஷின், பிறகு மோட்டார் போட்டது. போனை மெஷின் மேஜையில் வைத்துக்கொண்டு தைப்பேன். மோட்டார் ஓட ஓட அதிர்வில் போன் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எப்போதும் கையால் உள்ளே தள்ளிவிடுவேன். அன்று நீளமாக ஒரு பார்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. நேராகப் போய் இரும்பு மிதியின் முனையில் விழுந்தது. டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தேன். அதைத் தாண்டி உள்ளே உடைந்திருந்தது. கண்ணாடியில் சிலந்தி வலை. வலது கீழ் மூலையில் கண்மை கரைந்த மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. சாயங்காலத்துக்குள் அந்தத் திட்டு பாதித் திரைக்குப் பரவிவிட்டது, நடுவில் பச்சையாக ஒரு கோடு வேறு.

இந்தத் திட்டுதான் முக்கியமான அடையாளம் என்று பையன் சொன்னான். மேல் கண்ணாடி மட்டும் கீறி, படமும் டச்சும் சரியாக இருந்தால், கடையில் மெஷின் வைத்துக் கண்ணாடியை மட்டும் மாற்றுவார்கள். ஓசிஏ வேலை என்பார்கள். அது வீட்டில் ஆகாத காரியம். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் இருக்கும் ஒட்டுப் படலத்தைப் பிரித்துக் காற்றுக் குமிழ் இல்லாமல் திரும்ப ஒட்ட வேண்டும். கறுப்புத் திட்டு வந்துவிட்டால் திரையே போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடி, டச், திரை மூன்றும் சேர்ந்த காம்போவாகத்தான் மாற்ற வேண்டும். சில கடைகளில் அதையே ஃபோல்டர் என்கிறார்கள். வீட்டில் நாம் மாற்றுவதும் இந்தக் காம்போவைத்தான்.

பெரிய சர்வீஸ் இடத்தில் கேட்டதற்கு, இந்தப் பழைய போனை இன்று விற்றால் கிடைப்பதைவிட அதிகம் சொன்னார்கள். அசல் பாகத்தின் விலையே அப்படி, அவர்கள் என்ன செய்வார்கள். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் 1,800 என்றார்கள். என்ன டிஸ்ப்ளே போடுவீர்கள் என்று கேட்டதற்கு, “நல்ல டிஸ்ப்ளேதாம்மா” என்ற பதில் மட்டும் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. லைனிங் என்ன துணி என்று கேட்டால் நான் பெயரைச் சொல்வேன், நல்ல துணி என்று சொல்ல மாட்டேன்.

சரி, நாமே போட்டால் என்ன என்று ஆன்லைனில் 1,190 ரூபாய்க்கு ஒரு காம்போ வாங்கினேன். கூடவே 260க்கு ஒரு கருவிப் பெட்டி.

கருவிப் பெட்டியைப் பற்றி இரண்டு வரி. பிளாஸ்டிக் நெம்பிகள், கிடார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் முக்கோணத் தகடு மாதிரி ஆறு, உறிஞ்சு கப் ஒன்று, முனை மாற்றும் ஸ்க்ரூ டிரைவர், சாமணம். முக்கோணத் தகடுகள் அருமை. உறிஞ்சு கப் சுமார். ஸ்க்ரூ டிரைவர் முனை மாவு இரும்பு. நாலாவது திருகிலேயே முனை மழுங்க ஆரம்பித்தது. நான் மெஷின் ரிப்பேருக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்டார் டிரைவரைத்தான் கடைசியில் எடுத்தேன். சாமணத்தைத் தொடவே இல்லை, கல் ஒட்டும் சாமணம் என்னிடமே இருக்கிறது. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம்.

வேலைக்கு உட்காரும் முன் மூன்று காரியம். உள்ளே இருக்கும் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தோம். திரை பாதி தெரியும்போதே இதைச் செய்துவிடுங்கள், முழுதும் கறுத்துவிட்டால் பாஸ்வேர்டு போடக்கூட வழி இருக்காது. சிம்மைப் பட்டன் போனுக்கு மாற்றினேன், கேஸ் புக்கிங்கும் ஓடிபியும் நிற்கக் கூடாது. அப்புறம் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தோம். நெம்பும்போது பேட்டரியில் தப்பித்தவறி முனை பட்டால், நிறைய சார்ஜ் இருக்கும் பேட்டரி ஆபத்து என்றான் பையன்.

எம்31க்குப் பின்மூடி பிளாஸ்டிக். சிம் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஓரத்தில் நகத்தை நுழைத்து, முக்கோணத் தகட்டை விட்டுச் சுற்றி வந்தால் டக் டக்கென்று கொக்கிகள் விடுபடுகின்றன. சூடு காட்ட வேண்டியதே இல்லை. ஆனால் மூடியை ஒரேயடியாகத் தூக்காதீர்கள். கைரேகை சென்சார் அதில்தான் இருக்கிறது, மெல்லிய ரிப்பன் உள்ளே ஓடும். புத்தகம் திறப்பது மாதிரி மெதுவாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

திருகுகள் விஷயத்தில் நான் செய்தது என் சொந்த யோசனை. பிளவுஸ் பேப்பர் கட்டிங்குக்கு வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தை ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் ஒட்டி, போனின் உருவத்தை மார்க்கிங் சாக்கால் வரைந்தேன். எந்தத் திருகு எங்கே இருந்ததோ படத்தில் அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். திருகு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் போன்களில் நீளம் மாறும். குட்டைத் திருகு இருந்த ஓட்டையில் நீளமானதைப் போட்டு முடுக்கினால் முனை உள்ளே போய் எதையாவது கிழித்துவிடும். கீழே விழுந்த ஒன்றைக் குண்டூசி பொறுக்கும் காந்தத்தால் எடுத்தேன். உள்ளே இருக்கும் போர்டு பக்கம் அந்தக் காந்தத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்று பையன் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

முதலில் பேட்டரி ரிப்பனை விடுவிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ரிப்பனின் முனையில் இருப்பது பிரஸ் பட்டன் மாதிரிதான். ஆணும் பெண்ணுமாக இரண்டு பாகம், நேராக மேலே தூக்கினால் கழலும், நேராக வைத்து அழுத்தினால் பூட்டும். பக்கவாட்டில் இழுத்தால் போச்சு. பிளவுஸில் வைக்கும் டிச் பட்டன் ஆயிரக்கணக்கில் தைத்த கைக்கு இது புதிதில்லை. அந்தச் சின்ன “டக்” விரலுக்குத்தான் தெரியும், காதுக்குக் கேட்காது.

பழைய டிஸ்ப்ளேயைப் பெயர்ப்பதுதான் நேரம் பிடித்த வேலை. அது சட்டத்தோடு பசையால் ஒட்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடியின் மேல் உறிஞ்சு கப் நிற்காது. அதனால் அகலமான பேக்கிங் டேப்பைத் திரை முழுக்க வரிசையாக ஒட்டினோம். சில்லும் சிதறாது, கப்பும் பிடிக்கும். சூடு காட்ட இஸ்திரிப் பெட்டியை வைக்கலாமே என்றேன். “அம்மா, பேட்டரி மேலேயா!” என்று பையன் கத்தினான். மாடி வீட்டுப் பெண்ணிடம் ஹேர் டிரையர் வாங்கி வந்தோம். ஓரத்தில் கை பொறுக்கும் சூடு வரும்வரை காட்டி, கப்பை இழுத்து, நூல் இழை அளவு இடைவெளி கிடைத்ததும் முக்கோணத் தகட்டை நுழைத்து, அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஓரம். தகட்டை ஆழமாக விடக் கூடாது, ஓரத்திலேயே ஓட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. டேப் ஒட்டியும் கட்டை விரலில் ஒரு சில்லு ஏறிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நான் எப்போதும் போட்டிருப்பதால் தப்பித்தேன்.

டிஸ்ப்ளேயின் ரிப்பன் சட்டத்தில் இருக்கும் ஒரு பிளவு வழியாகப் பின்பக்கம் வருகிறது. புதியதை அதே வழியில் கோக்க வேண்டும், நாடா கோப்பது மாதிரி. ஒட்டும் முன் ரிப்பனை மாட்டி, பேட்டரியை மாட்டி, போனை எரியவிட்டுப் பாருங்கள். சாம்சங்கில் டயல் பண்ணும் இடத்தில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் வரும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பார்க்கலாம், டச்சை மூலை மூலையாகத் தேய்த்துப் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம், எல்லாம் வேலை செய்தது. நிறத்தில் ஏதோ வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது. புது டிஸ்ப்ளே அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஒட்டிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது என்று அந்த விற்பனையாளர் பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்.

பழைய பசையை மருந்துக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கிய சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தேன். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஒட்டுவதற்கு என்ன பசை தெரியுமா? பி-7000. பிளவுஸில் கல் ஒட்ட நான் வைத்திருக்கும் அதே டியூப்! மொபைல் கடைக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பையன் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி மாதிரி மூக்கு, மெல்லிய கோடாக வரும். ஓரத்தில் ஒரே சீராக ஒரு கோடு, அதிகம் வைத்தால் பிதுங்கி ரிப்பன் பக்கம் போகும். ஒட்டியதும் ரப்பர் பேண்டு போடச் சொல்வார்கள். எனக்கு ரப்பர் பேண்டு ஒரே இடத்தில் அழுத்துவது பிடிக்கவில்லை. பாவாடை இடுப்புக்கு வைக்கும் அகல எலாஸ்டிக்கை இரண்டு சுற்றுச் சுற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். பசை முழுசாக இறுக இரண்டு நாள் எடுக்கும், அதுவரை போனைப் பையில் போட்டு அமுக்கக் கூடாது.

போன் எரிந்தது, டச் ஓடியது, இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. டிஸ்ப்ளே சட்டத்தைவிட மேலே துருத்திக்கொண்டு நின்றது, விரலை ஓட்டினால் படி மாதிரி தட்டும். கீழே கறுப்பு ஓரம் பழையதைவிட அகலம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பலாக ஒளிர்ந்தது. சார்ஜ் சாயங்காலத்துக்கே தீர்ந்தது. அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். எனக்கு வந்திருந்தது டிஎஃப்டி. அதில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் இருக்கும் திரை அதை மறைக்கப் பார்க்கும், முழுசாக மறைக்க முடியாது. விற்பனைப் பக்கத்தில் திரும்பப் போய்ப் பார்த்தேன். “எம்31க்குப் பொருந்தும் பிரீமியம் டிஸ்ப்ளே” என்று இருந்ததே தவிர, அமோலெட் என்று எங்கேயும் எழுதவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆவணி முகூர்த்த நேரம், ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா காஞ்சிபுரம் புடவையின் படம் அனுப்பினார். பிளவுஸ் துணி மட்டும் கையில் கொடுத்தார், அது தங்க நிற டிஷ்யூ. கழுத்து ஆரிக்குப் புடவை உடலின் நிறத்தில் பட்டு நூல் போடச் சொன்னார். என் திரையில் அது செங்கல் நிறம். செங்கல் நிற நூலில் முதுகு முழுக்க மாங்காய் போட்டு முடித்தேன். அளவு பார்க்க வந்தவர் புடவையையும் கொண்டுவந்தார். அசல் அரக்கு! பக்கத்தில் வைத்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அவர் நல்ல மனுஷி, திட்டவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து முழுதையும் பிரித்துத் திரும்பப் போட்டேன். டிஷ்யூவில் ஆரியைப் பிரிப்பது எப்படி இருக்கும் என்று அந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, துணியில் ஓட்டை தெரியாமல் இருக்க மேலே கூடுதலாகக் கல் ஒட்டி மறைத்தேன். அதற்கும் பி-7000தான்.

அந்த முகூர்த்தம் முடிந்ததும் எழும்பூர் வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ, ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டி இருக்கும் அந்தச் சந்துகளில் மீரான் சாகிப் தெரு பக்கம் திரும்பினால் வரிசையாக மொபைல் பாகங்கள்தான். ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி கேட்டேன்: எம்31 டிஸ்ப்ளே, டிஎஃப்டியா ஓஎல்இடியா? (அமோலெட்டும் ஓஎல்இடியில் ஒரு வகைதான்.) இரண்டு கடையில் “எது வேணும்?” என்று திருப்பிக் கேட்டார்கள். அதுதான் சரியான பதில் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கடையில் மூன்று விலை சொன்னார்கள். டிஎஃப்டி ஆயிரத்து சொச்சம், ஓஎல்இடி 2,300, சட்டத்தோடு வரும் அசல் அதற்கு மேல் இரண்டு மடங்கு. சட்டத்தோடு வருவதில் பெயர்க்கிற வேலை, பசை வேலை இரண்டும் மிச்சம். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி, போர்டு எல்லாவற்றையும் பழைய சட்டத்திலிருந்து எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பேட்டரியை நெம்பி எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. 2,300 ரூபாய்க்கே எடுத்தேன்.

அந்தத் தம்பி பணம் வாங்கும் முன் என் போனின் பின்மூடியைத் திறந்து, புது டிஸ்ப்ளேயை மாட்டி, எரியவிட்டுக் காட்டினார். கறுப்புப் படம் ஒன்றை வைத்து, கல்லாவுக்குக் கீழே இருட்டில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒளியே இல்லை, சுத்தக் கறுப்பு. நான் என் பங்குக்குப் பையிலிருந்து அரக்கு நூல்கண்டை எடுத்து, அந்தக் கல்யாணப் புடவையின் படத்தைத் திறந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக இல்லை, ஆனால் அரக்கை அரக்கு என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. “அக்கா, இருநூறு ரூபா குடுங்க, நானே போட்டுத் தர்றேன், அரை மணி நேரம்” என்றார். வேண்டாம் தம்பி, வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். விநோதமாகப் பார்த்தார். இப்போது யோசித்தால் அந்த இருநூறைக் கொடுத்திருக்கலாம். வீம்புதான், வேறொன்றும் இல்லை.

இரண்டாவது தடவை மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பி-7000 சூடு காட்டினால் நன்றாகவே இளகிக் கொடுக்கிறது, முதல் தடவை கம்பெனிப் பசையோடு போராடியதற்கு இது ஒன்றுமே இல்லை. முதல் தடவை மறந்துபோன ஒன்றையும் செய்தேன். காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கருக்கு மேல் இருக்கும் சின்ன வலை, பழைய டிஸ்ப்ளேயோடு போய்விட்டிருந்தது. குப்பையில் போடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆரி ஊசி முனையால் அதை எடுத்துப் புதியதில் வைத்தேன். அது இல்லாத நாட்களில் போனில் எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கணக்கு: 1,190, 260, 40, 2,300. மொத்தம் 3,790, ரயிலும் ஆட்டோவும் தனி. முதலிலேயே ரிச்சி தெருவுக்குப் போயிருந்தால் 2,600க்குள் முடிந்திருக்கும். கடையில் கேட்ட 1,800ஐவிட அதுவும் அதிகம்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அந்த 1,800க்கு என்ன போட்டிருப்பார்கள் என்று இப்போது எனக்கு ஓரளவு யூகிக்கத் தெரியும்.

பையன் ஒரு விஷயம் சொன்னான். சாம்சங் அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் ஐஃபிக்சிட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அசல் பாகங்களையும் கருவிகளையும் பொதுமக்களுக்கே விற்கத் தொடங்கியதாம், எப்படி மாற்றுவது என்ற விளக்கத்தோடு. தொடக்கத்தில் எஸ்20, எஸ்21 மாதிரி மாடல்களுக்கு. இங்கே மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் அதே வருஷம் டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கு என்று ஒரு இணையதளம் தொடங்கியது. எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். விற்கிறவர்கள் பெட்டியின் மேல் டிஎஃப்டி, ஓஎல்இடி என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். ஒரு மீட்டர் லைனிங்கில்கூட காட்டனா பாலியஸ்டரா என்று ஓரத்தில் அச்சடித்திருக்கிறது.

ஓஎல்இடி போட்டு மூன்று மாதம் ஆகிறது. குறை இல்லாமல் இல்லை. வெயிலில் பழைய அசல் திரை அளவுக்குப் பிரகாசம் வரவில்லை, மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது போன் வந்தால் கையால் மறைத்துத்தான் பார்க்கிறேன். இடது மேல் மூலையில் நூலிழை இடைவெளி ஒன்று இருக்கிறது, அது டிஸ்ப்ளே குறை இல்லை, நான் எலாஸ்டிக் சுற்றியது அங்கே தளர்ந்துவிட்டது. நிறம் சரியாக இருக்கிறது, டச் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, சார்ஜ் ராத்திரி வரை நிற்கிறது. முதல் டிஸ்ப்ளேக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் டச் நன்றாக இருந்ததற்கு. இதற்கு நாலு.

மெஷின் மேஜையில் இப்போது போனுக்கு வெல்வெட்டில் ஒரு பை தைத்து ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். புது டிஸ்ப்ளே மேல் ஒட்டிய 99 ரூபாய் டெம்பர் முதல் வாரமே ஓரம் உடைந்துவிட்டது. கத்தரிக்கோல் பட்டது. அதை இன்னும் மாற்றவில்லை.